எண்ணெயா, மெழுகா?

உங்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருக்கும். அதை ஆறு மாதம் துடைக்காமல் விட்டுவிட்டு, ஒரு நாள் விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினால்கூட லேசில் போகாது. அதே வீட்டில், கூடத்து அலமாரியிலும் தூசி படிந்துதான் இருக்கும். ஆனால் அதை வாயால் ஊதினாலே பறந்துவிடும். இரண்டும் ஒரே தெருப் புழுதிதான். ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது; மற்றோரிடத்தில் இல்லை.

இந்த வாரம் நான் சொல்லப் போகும் சங்கதியில் பாதி இந்த விரல் தடவலிலேயே அடங்கிவிட்டது. மீதிப் பாதி நடக்கும் இடம் அமெரிக்காவில், கான்ஸாஸ் மாகாணத்தில், எம்போரியா என்ற சிற்றூர். விஷயம், சைக்கிள் செயினுக்கு என்ன போடுவது என்பது!

"இதற்கு ஒரு பக்கமா?" என்று தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எம்போரியாவுக்குப் பக்கத்தில் உள்ள குன்றுகளுக்குப் பிளின்ட் ஹில்ஸ் என்று பெயர். பிளின்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். பெயருக்கு ஏற்ற பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. நடுவே தார் காணாத சரளைச் சாலைகள். கல்லின் விளிம்பு டயரைக் கத்தியாய்க் கிழிக்கும். 2006-ம் ஆண்டில் 34 பேர் சேர்ந்து இந்தச் சாலைகளில் 200 மைல் சைக்கிள் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். அன்பவுண்ட் கிராவல் என்று இப்போது அதற்குப் பெயர். இன்று ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு வருகிறார்கள். 200 மைல் என்றால் 320 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விடியற்காலையில் புறப்பட்டால், முதலில் வருகிறவர்களுக்கே ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிவிடும். மற்றவர்கள் விளக்கை மாட்டிக்கொண்டு, நள்ளிரவு தாண்டியும் மிதித்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் பெண்கள் இல்லை என்று நினைத்தீர்களா? 2017-ம் ஆண்டில் "200 பெண்கள், 200 மைல்" என்று ஒரு முயற்சி நடந்தது. அந்தப் பந்தயத்தை நடத்தியவர்களில் ஒருவரான கிறிஸ்டி மோன் என்ற பெண்மணிதான் அதற்கு முன்னின்றவர். ரெபெக்கா ரஷ் என்ற வீராங்கனை 2012, 2013, 2014 என்று மூன்று வருஷமும் தொடர்ந்து பெண்களில் முதலாவதாக வந்தார். 2024-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரோசா க்ளோசர் வென்றார். எப்படி வென்றார் தெரியுமா? 200 மைலும் மிதித்த பிறகு ஒன்பது பெண்கள் ஒரே கூட்டமாக ஊருக்குள் வந்தார்கள். கடைசிச் சில விநாடி ஓட்டத்தில் அவர் முந்தினார். நாள் முழுதும் செயின் எவ்வளவு சுலபமாக ஓடியது என்பதற்கு அந்த விநாடியில் என்ன மதிப்பு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பந்தயத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. குறிப்பிட்ட சில நிறுத்தங்களில்தான் நம்மைச் சேர்ந்தவர்கள் நமக்கு உதவலாம். நடுவழியில் அண்ணாவோ அகத்துக்காரரோ காரில் வந்து, "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று சொல்ல முடியாது. செயின் கிறீச்சிட்டால் அதைக் கவனிக்க வேண்டியவள் அதில் உட்கார்ந்திருப்பவள்தான்.

சரி, செயினுக்குள் என்ன நடக்கிறது? ஒரு செயினில் நூற்றுப் பதினைந்து கண்ணிகள் போல இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆணி. அதைச் சுற்றிக் குழலும் உருளையும். இரு பக்கமும் தகடுகள். 1880-ம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் கண்டுபிடித்த அமைப்பு இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணி மடங்குகிறது. அப்போது ஆணி தன் வளையத்துக்குள் கொஞ்சம் திரும்புகிறது. உராய்வு அங்கேதான். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால், பத்து மணி நேரத்தில் 48,000 சுற்று ஆகிறது. அத்தனை தடவையும் அந்த ஆணி திரும்ப வேண்டும்.

ஆகவே மசகு தேவைப்படுவது உள்ளே, ஆணிக்கு. வெளித்தகட்டில் வழிகிற எண்ணெயால் எள்ளளவும் பிரயோசனம் இல்லை. பிரயோசனம் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, கெடுதலும் செய்கிறது. புழுதியைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. எண்ணெயோடு கல்தூள் சேர்ந்தால் அது அம்மியில் அரைத்த விழுது மாதிரி. இரும்பையே அரைக்கிற விழுது! நன்றாக வைத்திருக்கும் செயின், காலின் பலத்தில் 100-க்கு 97, 98 பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். விழுது அப்பிய செயின் வழியிலேயே கமிஷன் அடித்துக்கொள்ளும்.

கடையில் போய்க் கேட்டால் இருபது புட்டிகளை எடுத்து வைப்பார்கள். மயங்க வேண்டாம். எல்லாம் நான்கு ஜாதிக்குள் அடங்கும்.

முதலாவது, கெட்டியான எண்ணெய். மழை பெய்தாலும், ஓடையில் இறங்கி ஏறினாலும் சீக்கிரம் கழுவிப் போகாது. ஆனால் புழுதியில் இதுதான் அடுப்படிப் பலகை.

இரண்டாவது, நீர்த்த எண்ணெய். போட்டதும் அதில் உள்ள திரவம் ஆவியாகி, மெல்லிய படலம் மட்டும் தங்கும். ஊருக்குள் போய்வரச் சரி. 200 மைலுக்கு அந்தப் படலம் காணாது.

மூன்றாவது, சொட்டு மெழுகு. தண்ணீரில் மெழுகைக் கலந்து பால் போல வைத்திருப்பார்கள். ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, உலர விட வேண்டும். இதைப் புறப்படும்போது போட்டால் பாதிதான் பலன். முதல் நாள் இரவே போட்டுவிட வேண்டும். இட்லி மாவு மாதிரி, இரவு முழுவதும் அதற்கு வேண்டும்.

நான்காவது, உருக்கிய மெழுகில் செயினையே முக்கி எடுப்பது. ஆறினதும் மெழுகு கட்டியாகிவிடும். கையில் ஒட்டாது, புழுதியும் ஒட்டாது. அதாவது, கூடத்து அலமாரி! வறண்ட சரளைச் சாலைக்கு இதைவிட நல்லது இல்லை.

இந்த முக்கல் வேலையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் பெரிய பெரிய பந்தயக்காரர்கள், சமையலுக்கென்று விற்கும் மின்சாரப் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சங்கிலியைப் பதமாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்! முறை இதுதான். புதுச் செயினில் கம்பெனிக்காரர்கள் தடவி அனுப்பும் பிசின் போன்ற கிரீஸ் இருக்கும். அதைக் கரைப்பான் ஊற்றி, ஒரு பொட்டு இல்லாமல் கழுவ வேண்டும். கழுவாமல் முக்கினால் மெழுகு இரும்பைப் பிடிக்காது. உலர்ந்ததும், பாரபின் மெழுகை ஏறக்குறைய 80, 90 டிகிரி சூட்டில் உருக்கி, செயினைப் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஆட்டிக் கொடுக்க வேண்டும். குமிழி நின்றால் உள்ளே இருந்த காற்று வெளியேறி மெழுகு புகுந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தூக்கி, கம்பியில் தொங்கவிட வேண்டும். ஆறின செயின் கருவாடு போல விறைத்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கண்ணியாக வளைத்துவிட்டால் இளகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மெழுகை நேரே நெருப்பில் வைக்கவே கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குவது க்ஷேமம். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடிபோட்டு அணைக்க வேண்டும். கரைப்பான் புட்டி அடுப்பின் பக்கமே வரக் கூடாது. மெழுகு உருக்கிய பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது.

"அப்படியானால் மெழுகையே போட்டுக்கொண்டு போகலாமே, யோசனை எதற்கு?" என்று கேட்பீர்கள். மெழுகுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஆயுள். ஒரு தடவை முக்கினால், வறண்ட பாதையில் 300 கிலோமீட்டர் வாக்கில்தான் வரும். பந்தயமோ 320! கடைசி இருபது மைலில், கால்கள் கெஞ்சுகிற நேரத்தில், செயின் குருவி மாதிரி கத்த ஆரம்பிக்கும். இரண்டாவது, தண்ணீர். ஈரத்திலும் சேற்றிலும் மெழுகு சீக்கிரம் உதிர்ந்துவிடும். பிறகு துருதான்.

2023-ல் எம்போரியாவில் நடந்தது இது. மழை பெய்து, புறப்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மண்சாலை களிச்சேறாகிவிட்டது. சக்கரமும் செயினும் களிமண் உருண்டைகளாயின. முரட்டுத்தனமாக மிதித்தவர்களுக்கு, கியர் மாற்றும் கருவியே ஒடிந்து கையோடு வந்தது. எத்தனையோ மாதம் பழகி வந்தவர்களின் பந்தயம் அங்கேயே முடிந்தது. மற்றவர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு புல்லோரமாக நடந்தார்கள். அன்றைக்குக் கைகொடுத்தது பெயிண்ட் கலக்கும் தட்டைக் குச்சி! அதை வைத்துச் சேற்றைச் சுரண்டித் தள்ளியவர்கள் மேலே போனார்கள். அப்படிப்பட்ட சேற்றுக்கு எந்தப் புட்டியிலும் மருந்து கிடையாது. இறங்கு, சுரண்டு, கழுவு, மறுபடி மசகு போடு. அவ்வளவுதான்.

ஆகையால் தீர்மானம் இப்படி. வானம் வறண்டிருந்தால் உருக்கிய மெழுகு. அதன்மேல் முதல் நாள் இரவு ஒரு பூச்சு சொட்டு மெழுகும் போட்டால் ஆயுள் நீளும். நாள் முழுதும் மழை நிச்சயம் என்றால் கெட்டி எண்ணெய்க்குப் போகலாம். பிறகு கழுவும் வேலையை ஒப்புக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டும் கெட்டானாக இருந்தால் மெழுகோடு புறப்பட்டு, பையில் ஒரு சின்னப் புட்டியும் கந்தல் துணியும் வைத்துக்கொள்ள வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அந்தப் புட்டி இல்லாமல் புறப்படக் கூடாது. நடுவழியில் செயின் கத்தினால், குடிநீரில் கொஞ்சம் ஊற்றிக் கழுவி, துடைத்து, கீழ்ப்பக்கச் செயினின் உள்வாட்டத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்புறமாக இருபது சுற்றுச் சுற்றி, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். மெழுகுச் செயினில் எண்ணெய் விட்டால் இரண்டும் குழைந்து களிம்பாகும். மறுபடி முக்குவதற்கு முன் அடியோடு கழுவத்தான் வேண்டும். ஆனால் நள்ளிரவில் நாற்பது மைல் பாக்கி இருக்கும்போது அந்த ஆசாரம் பார்க்க வேண்டியதில்லை. வறண்ட செயினைவிடக் களிம்புச் செயின் மேல்.

கடைசியாக, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. அதன் செயினுக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் விடாதீர்கள்; சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும். மசகு எண்ணெயை, தையல் மெஷினுக்கு விடுவது போலக் கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். பலர் செய்யத் தவறுவது இந்தத் துடைப்பைத்தான். அப்படியே இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்து நாலாவது இடைவெளி முடியும் ஆணியின் நடு வரை அளந்து பாருங்கள். புதுச் செயினில் இது சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. அதை உடனே மாற்றினால் செலவு ஒரு செயினோடு போகும். விட்டுவைத்தால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இந்த அளவை உங்கள் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவள் கான்ஸாஸுக்குப் போக வேண்டாம். டியூஷனுக்குப் போனால் போதும். வழியில் செயின் கத்தினால் என்ன செய்வதென்று தெரிந்த பெண், இருட்டுவதற்குள் வீடு வந்து சேருவாள்.