இல்லம் பேணல்: காரை பெயர்ந்த சுவர்

பாலக்காட்டு எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்தில் பெற்றோரை விட்டு வந்துள்ள அன்பர்களுக்கு, “மேற்குச் சுவரில் காரை பெயர்கிறது” என்ற செய்தி புதிதன்று. ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, கணவாய்க் காற்றோடு சேர்ந்து மேற்குச் சுவரையே அறைகின்றது.

பணம் அனுப்புமுன் அச்சுவர் எதனால் ஆனது என்று கேட்டறிக. மண்ணாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ எழுப்பிய பழஞ்சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், பூச்சு பாளமாகப் பெயரும், சுவரும் நலியும். உறுதி என்று எண்ணிச் செய்வதே கேடாக முடியும்.

முதலில் கூரை ஒழுக்கைச் சீர்செய்க. பின்னர்ச் சுவரைத் தட்டி, வெற்றொலி எழும் காரையை முற்றும் அகற்றுக. சந்துகளைச் சுரண்டி, நீர் தெளித்து, நன்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் குழைத்த சாந்தை, மெல்லிய இரு பூச்சுகளாகப் பூசச் சொல்க. கடுவெயில் படாமல் நனைந்த சாக்குத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். மழை ஓய்ந்து சுவர் உலர்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே தக்க காலம்.

முதியோர் படுத்துறங்கும் சுவர் அது. பணத்தோடு இவ்விவரத்தையும் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புவது நம் கடமை.