கயத்தாற்றுக் கற்குவியல்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16ஆம் தேதி கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேனின் ஆக்ஞைப்படி பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஸ்தலத்தை, எந்தச் சர்க்காரும் சங்கமும் அடையாளம் செய்வதற்கு வெகுகாலம் முன்னரே, அவ்வழியே போன ஜனங்கள் ஆளுக்கொரு கல்லாக இட்டுக் குவியலாக உயர்த்தி வைத்திருந்தார்கள். அதில் சாசனம் ஏதும் இல்லை. வழிப்போக்கன் ஒருவன் சாலையோரத்தில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போவதைக் குற்றமென்று பிடிக்கக் கும்பினியின் சட்டத்திலும் இடமிருந்திராது! 1970இல் நடிகர் சிவாஜி கணேசன் அங்கே நிலம் வாங்கிச் சிலை நிறுவினார்; சிலை கம்பீரமானதுதான். ஆயினும் என் மனம் கற்குவியலின் பக்கமே சாய்கிறது.

ஏனென்றால், கட்டபொம்மன் தரப்போடு நடந்த யுத்தத்திற்குக் கும்பினி வைத்துப்போன சின்னம் வேறு விதமானது. 1799இலும் 1801இலும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கி மாண்ட வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் பெயர்கள் ஓட்டப்பிடாரத்தருகே கல்லறைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1801 மே மாதம் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்த பிறகு, மண்சுவர் தரைமட்டமாக்கப்பட்டு, ஊரின் பெயரே சர்க்கார் கணக்குகளிலிருந்து நீக்கப்பட்டது. கோட்டைக்குள் மடிந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லாதது ஆச்சரியமன்று. அந்த உத்தியோகஸ்தர்களின் பக்கத்திலேயே நின்று, அவர்களுடைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அவர்களுக்காகவே செத்த நம் தேசத்துச் சிப்பாய்களும் பெயரற்றுப் போனார்களே, அதுதான் யோசிக்கத்தக்கது.

இப்படிக் கல் நாட்டுவது கும்பினிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், 1779இல், சுதந்திர யுத்தத்தின் நடுவே, வாஷிங்டனின் கட்டளைப்படி ஜெனரல் சல்லிவன் ஒரு பட்டாளத்துடன் இராக்குவாப் பூர்வகுடி மக்களின் நாட்டுக்குள் புகுந்து, நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களையும், அறுவடைக்கு நின்ற மக்காச்சோளத்தையும், கனிமரத் தோப்புகளையும் அழித்தான். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1929இல், நியூயார்க், பென்சில்வேனியா ராஜ்யங்கள் அப்பட்டாளம் நடந்த பாதை நெடுகிலும் வெண்கலப் பட்டயம் பதித்த கற்களை நாட்டின. எதிரிகளின் அட்டூழியம் அடக்கப்பட்டதையும் நாட்டின் ஆதிக்கம் மேற்கே விரிந்ததையும் அவை பெருமையுடன் அறிவிக்கின்றன. இங்கே கும்பினி செய்ததை அங்கே விடுதலை வீரர்கள் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, தேசபக்தியின் பெயரால் எழும்பும் எந்தக் கல்லையும் சற்று நிதானித்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். ஓடாநிலையில், கும்பினியை எதிர்த்த தீரன் சின்னமலைக்கு மணிமண்டபம் இருக்கிறது; 1805 ஜூலை 31இல் அவர் சங்ககிரியில் தூக்கிலேற்றப்பட்ட நினைவாக ஆண்டுதோறும் ஆடிப்பதினெட்டில் மாலைகளும் கட்சிக் கொடிகளும் வந்து சேருகின்றன. அவரைப் பிடிக்க வந்த பட்டாளம் எந்தப் பாதையில் நடந்தது, எந்த ஊர்க் குடிகள் தானியம் கொடுத்தார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள், கும்பினித் துப்பாக்கியைச் சுமந்தவர்கள் எந்த ஜில்லாக்காரர்கள் என்பனவற்றைச் சிலையைக் கண்டு திரும்புகிறவன் அறியமாட்டான். எங்கள் சேவூருக்கு நிலக்கடலை விற்க வருகிற குடியானவரும், இங்கிருந்து விடியற்காலையில் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிற பெண்ணும் அவ்விதச் சாலைகளில்தான் தினமும் போகிறார்கள். நாயகனுக்கு இன்னொரு சிலை எழுப்பும் பணத்தில், ஓடாநிலையிலிருந்து அரச்சலூர் வழியாகச் சங்ககிரி வரையில், பஸ் நிற்கிற இடங்களில், ஆதாரமுள்ள செய்தியை மட்டும் எளிய தமிழில் பொறித்த கற்களைத் தொல்லியல் துறை நாட்டலாம். அவற்றில் கும்பினிப் படையில் சேர்ந்த தமிழனுக்கும் ஒரு வரி இருக்கட்டும்; அதைச் சாதிச் சங்கங்கள் ஆட்சேபிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்.