யானைக்கால்: முற்றிய பிறகுதான் உதவியா?

யானைக்கால் நோயை 2027-க்குள் ஒழித்துவிடுவதாக மத்திய அரசு நாள் குறித்திருக்கிறது. கொசு ஒழிப்பு, இரவில் வீடு வீடாக ரத்தப் பரிசோதனை, ஊர் முழுவதற்கும் டிஇசி மாத்திரை என்று பல்லாண்டுகளாக நடந்த வேலையால் தமிழ்நாட்டில் புதிய தொற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. சுகாதாரப் பணியாளர்களின் இந்த உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால், மாத்திரை கிருமியைத்தான் அழிக்கும்; வீங்கிப்போன காலை வற்றச் செய்யாது. ரத்தத்தில் கிருமி இல்லை என்றான பிறகும் அதே காலோடு வாழ்கிறவர்களை அரசு என்ன செய்யப்போகிறது?

இந்த நோய்க் கிருமிகளான புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து அவற்றைச் சிதைத்துவிடுகின்றன. மேலேற வேண்டிய நீர் காலிலேயே தேங்குகிறது. அதன் பிறகு காலை மேலும் மேலும் பெருக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியாதான். விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணோ சிறு வெடிப்போ இருந்தால் போதும். அதன் வழியே பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். குளிர்காய்ச்சல் அடிக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். கூலி வேலை பார்ப்பவருக்கு அந்த வாரச் சம்பளம் போச்சு. ஒவ்வொரு காய்ச்சலும் தணியும்போது வீக்கம் முன்பைவிடச் சற்றுக் கூடியிருக்கும்.

இதைத் தடுக்கப் பெரிய மருத்துவமனை வேண்டியதில்லை. சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு தினமும் காலைக் கழுவ வேண்டும். அழுத்தித் தேய்க்காமல் துணியால் ஒற்றி, விரல் இடுக்குகளில் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். வெடிப்பில் பூஞ்சைக் களிம்பு, படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை, கணுக்காலை மடக்கி நீட்டும் பயிற்சி, பாதத்தில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போகத் தளரும் கட்டு. அவ்வளவுதான். பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பையை அரசு கொடுக்கிறது. ஆனால் பையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு கடமை முடிந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து கழுவிக் காட்ட ஆள் வேண்டும். அடுத்த மாதம் வந்து பார்க்கவும் வேண்டும்.

முற்றிய நான்காம் நிலைக்குப் போனவர்களுக்கு மாதம் ₹1,000 உதவித்தொகை தருகிறது தமிழக அரசு. அது தொடரட்டும், உயரட்டும். முதல் நிலையில் இருப்பவர் நான்காம் நிலைக்குப் போகாமல் காப்பதற்கு அதே அக்கறை ஏன் இல்லை?

நிணநீர் தேங்கி வரும் இந்த வீக்கம் யானைக்கால் நோயாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பெண்களில் பலருக்கும் கை வீங்குகிறது. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. ‘ஆபரேஷன் செய்த கை, அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரு வரி ஆறுதலோடு அவர்களை அனுப்பிவிடக் கூடாது. தொடக்கத்திலேயே அழுத்த உறையும் பயிற்சியும் கிடைத்தால் அந்தக் கையைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். உறையோ நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். திரும்பத் திரும்ப வாங்க ஏழைகளிடம் பணமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் நிணநீர் வீக்கத்தின் பெயரும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்திடம் 2016-லேயே யானைக்கால் ஒழிப்புச் சான்று பெற்றது இலங்கை. அங்கே நோயாளிகளுக்கான சிகிச்சையகங்கள் அதன் பிறகும் இயங்குகின்றன. இங்கோ, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. கால், கை பராமரிப்பை அந்தப் பணிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கட்டுத்துணியும் அழுத்த உறையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். நிணநீர் வீக்கத்தைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்க மத்திய அரசைத் தமிழகம் வலியுறுத்த வேண்டும். 2027 வரை காத்திராமல், சுகாதாரத் துறை இதற்கான ஆணைகளை இப்போதே பிறப்பிக்க வேண்டும்.