கேளாமல் ஒப்படைக்க மறுத்த மன்னர்



மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுவை நோக்கிச் செல்வோர் கீழ்புத்துப்பட்டை அறிவர். அங்குள்ள ஐயனார் கோயிலை நாடி வருவோர் பலர். அவ்வூரிலேயே இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஒன்றும் இருப்பதைக் கருதிப் பார்ப்போர் சிலரே. அரசியல் சட்டத் திருத்தம் என்றதும் அது டில்லி வழக்கறிஞர்களின் விவகாரம் என ஒதுக்கிவிடுகிறோம். அம்முகாமின் வாயிலில் நின்று அச்சட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

பேச்சுரிமையையும் விரும்பிய ஊரில் குடியிருக்கும் உரிமையையும் தரும் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கே உரியது. உயிரையும் உடற் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவோ மனிதர் எவருக்கும் பொது. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. குடியுரிமையற்றவருக்கு இஃதே பேரரண்.

அந்த அரண் ஒருமுறை சரிந்ததுண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 21-ஆம் பிரிவை நாடி நீதிமன்றம் செல்லும் வழி அடைபட்டது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதனை ஏற்றனர். எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். மறு ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குச் சென்றது. அவர் பதவி துறந்தார். திருத்தம் என்றாலே பறிப்பு என்று எண்ணுவோர் அடுத்து நிகழ்ந்ததை நினைவிற் கொள்க: 1978-இன் 44-ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்த இயலாது என்றாக்கியது. (சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியதும் அதுவே. அவ்வழக்கு இங்கு வேண்டாம்.)

என் கவலை வேறு. ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமலே ஒருவரை மூன்று மாதம்வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். அதே திருத்தத்தின் 3-ஆம் பிரிவு இதனை இரண்டு மாதமாகக் குறைத்தது. குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும் சொன்னது. பாராளுமன்றம் நிறைவேற்றிய அப்பிரிவை நடைமுறைக்குக் கொணரும் அறிவிக்கை மட்டும் இன்றுவரை வெளிவரவில்லை. அரசைக் கட்டாயப்படுத்த இயலாதென 1981-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆட்சிகள் மாறின, எக்கட்சிக்கும் மனம் வரவில்லை.

மக்கத்துக் கொடுமைக்குத் தப்பிய நபித்தோழர்கள் அபிசீனியாவில் புகலடைந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அவர்களைத் திருப்பித் தருமாறு குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதரை அனுப்பினர். கிறிஸ்தவரான நஜ்ஜாஷி மன்னர், புகலடைந்தோரின் வாய்மொழியைக் கேளாமல் ஒப்படைக்க மறுத்தார். ஆலோசனைக் குழு செய்ய வேண்டிய பணியும் அதுதானே?

வாக்குக் கேட்டு வருவோரிடம் அந்த 3-ஆம் பிரிவைப் பற்றி வினவுங்கள். குடியுரிமையற்ற முகாம்வாசிகளுக்கு வாக்கில்லை. அவர்களிடம் எவரும் வரப்போவதில்லை.