சைபீரியாவின் சாரீரம்

ரஷ்ய ஓபராப் பாடகர் திமித்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி லண்டனில் காலமானது 2017 நவம்பர் 22 அன்று. வயது 55. பாரிட்டோன் என்னும் நடுத்தர ஆண்குரல் நன்றாக முற்றிக் கனிந்திருக்கும் வயது அது. இசையமைப்பாளர் வெர்தி தன் ஓபராக்களில் எழுதிவைத்த பெரிய தந்தை வேடங்களையெல்லாம் இன்னும் பத்து வருஷமாவது பாடியிருக்க வேண்டியவரை மூளைக்கட்டி கொண்டுபோய்விட்டது. நவம்பர் பிறந்தால் எனக்கு அந்த ஆற்றாமையும் கூடவே வந்துவிடும்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது அவர் அழகைத்தான். இளவயதிலேயே நரைத்துவிட்ட வெள்ளித் தலைமுடி, உயரம், மேடையில் நிற்கும் தோரணை. எனக்கு அவருடைய மூச்சுதான் பெரிது. சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்பேட் ராணி' ஓபராவில் இளவரசன் யெலெத்ஸ்கி தன் காதலைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடங்களை இவர் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போவார். ஒரு வரியின் கடைசிச் சொல் தேய்வதற்குள் அடுத்த வரி கிளம்பிவிடும். கேட்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும். அப்புறம் மூக்கால் சர்ரென்று காற்றை இழுப்பார். அந்தச் சத்தம் வெளியே கேட்கிறது என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. ஒலிப்பதிவில் அதைக் கேட்கும்போது ஆள் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓபரா மேடையில் பாடகருக்கு மைக் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். முன்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா முழங்கிக்கொண்டிருக்கும். அதையும் மீறிக் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும். அவருடையது இடி முழக்கும் சாரீரம் இல்லை. இழையறாத மூச்சை வைத்தே அந்தத் தூரத்தைக் கடந்தார்.

சைபீரியாவில், யெனிசேய் ஆற்றங்கரை நகரமான கிராஸ்னயார்ஸ்கில் பிறந்தவர். அப்பா வேதிப் பொறியாளர். வீட்டில் பாடுவார், பியானோ வாசிப்பார். மகன் விடலைப் பருவத்தில் ராக் குழுவில் பாடித் திரிந்துவிட்டு, உள்ளூரிலேயே யெகதெரினா யோஃபெல் என்ற ஆசிரியையிடம் முறையாகப் பாட்டுக் கற்றார். 1989-இல் கார்டிஃப் நகரில் நடந்த உலகப் பாடகர் போட்டியில், சொந்த மண்ணில் பாடிய வேல்ஸ்காரர் பிரின் டெர்ஃபெலை முந்திப் பட்டம் வென்றார். வெர்தியின் 'தோன் கார்லோ' ஓபராவில் குண்டடிபட்ட ரொத்ரிகோ தன் நண்பன் கார்லோவிடம் விடைபெறும் பாட்டை அங்கே பாடினார். டெர்ஃபெலும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார் என்பதை வைத்தே அந்தப் போட்டியின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

2015 ஜூனில் நோய் தெரியவந்தது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிற்க முடியாதபடி உடம்பு தடுமாறுகிறது என்று அறிவித்தார். செப்டம்பரிலேயே மெட்ரோபாலிட்டனில் வெர்தியின் 'இல் த்ரொவாதோரே' ஓபராவில் பாட வந்துவிட்டார். அவர் மேடையில் கால் வைத்ததும் கைத்தட்டலால் இசையே நின்றுபோனது. அன்று இரவு ஓபரா முடிந்த பிறகும் வாத்தியக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மேடைக்கு முன்னாலுள்ள ஆர்க்கெஸ்ட்ராப் பள்ளத்தில் இருந்தபடியே மேடையிலிருந்த அவர்மீது வெள்ளை ரோஜாக்களை எறிந்தார்கள். எத்தனையோ பாடகர்களுக்கு வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். ஒரு பாடகனுக்கு இதைவிடப் பெரிய விருது இருப்பதாக நான் நினைக்கவில்லை.

2016 டிசம்பரில், இனி வேடமிட்டு ஓபராவில் நடிக்க இயலாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த மே மாதம், முன்னறிவிப்பே இல்லாமல் அதே மெட்ரோபாலிட்டன் மேடையில் வந்து நின்று, வெர்தியின் 'ரிகொலெத்தோ' ஓபராவில் மகளைப் பறிகொடுத்த நாயகன் அரசவைக்காரர்கள்மீது சீறும் பாட்டைப் பாடினார். ஜூனில் தோள்பட்டையில் அடிபட்ட நிலையிலும் கிராஸ்னயார்ஸ்க் போய், வந்து பாடுவதாகச் சொந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த நகரத்து ஓபரா அரங்குக்கு இப்போது அவர் பெயர். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி மாஸ்கோவிலும், இன்னொரு பகுதி அந்த ஊரிலும் இருக்கிறது.

ஓபரா நமக்குப் பழக்கமில்லையே என்று தயங்குகிறவர்கள் 'கொக்குகள்' என்ற ரஷ்யப் பாட்டிலிருந்து தொடங்கலாம். போரில் மாண்ட வீரர்கள் வெண்கொக்குகளாகப் பறந்து போவதைச் சொல்லும் பாட்டு. மொழி தெரிய வேண்டியதில்லை. அடுத்து கார்டிஃப் ரொத்ரிகோ. கடைசியாக, நோயோடு 2016-இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் அவர் பதிவு செய்த முழு 'ரிகொலெத்தோ'. கைப்பேசி ஒலிபெருக்கியில் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.