நிரம்பிய பிறகு அளப்பதா?

ஆண்டிபட்டிக்கு அருகே 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம் என்பது நாம் அறிந்ததே. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் இராமநாதபுரம் வரை கரையோர மக்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்கிறார்கள்.

நம் கல்லூரி வகுப்பறைகளில் இப்படியோர் அளவுகோல் இருக்கிறதா? நூறு பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர், "புரிந்ததா?" என்று கேட்கிறார். முன்வரிசையில் இருவர் தலையசைக்கிறார்கள். பாடம் நகர்கிறது. யாருக்குப் புரியவில்லை என்பது பருவத் தேர்வு முடிவில்தான் தெரிகிறது. வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் வருவோரில் பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென ஆங்கிலத்தில் பாடம் கேட்பவர்கள். பிறர் சிரிப்பார்களோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பவர்கள். அந்த மௌனத்தைப் புரிதல் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். பாடத்தின் நடுவே நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடை தரவேண்டும். ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கும் குறைவானோர் சரியாகச் சொன்னால், ஆசிரியர் மீண்டும் விளக்குகிறார். 70 விழுக்காட்டைத் தாண்டினால் அடுத்த பகுதி. இடைப்பட்டிருந்தால், மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் விடை தருகிறார்கள். விடைகளைத் திரட்ட 'கிளிக்கர்' எனும் கைக்கருவி வந்தது. யார் எந்த விடையைத் தந்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. எனவே கூச்சமும் இல்லை.

இயற்பியல் படித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு விவரங்களை ஆராய்ந்து ரிச்சர்டு ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு மாணவரைப் பங்கேற்கச் செய்த வகுப்புகளின் முன்னேற்றம், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளைப்போல் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது.

கருவி வாங்கப் பணம் எங்கே என்று நாம் கேட்கலாம். கனடாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, கிளிக்கருக்குப் பதில் அட்டைகளைப் பயன்படுத்தினாலும் கற்றலில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினால் போதும். கேள்வி நல்ல கேள்வியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லையே" என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. ஒரு கேள்விக்குச் சில நிமிடங்கள் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் பாதிப் பேரைப் பின்னே விட்டுவிட்டு முடித்த பாடம், யாருக்காக முடிக்கப்பட்டது?

அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளக்கும் நாம், நம் பிள்ளைகளின் புரிதலை ஆண்டுக்கு இருமுறை மட்டும் அளப்பது போதுமா? வரும் பருவத்தில் வகுப்புக்கு ஒரு கேள்வி, நான்கு அட்டைகள் என்று நம் கல்லூரிகள் தொடங்கிப் பார்க்கட்டும். கடைசி வரிசையில் இருப்பவரின் விடையும் அப்போது ஆசிரியரின் கண்ணில் படும்.