பரண் மேல ஒரு பாரீஸ்!

போனில் 'பிரெஞ்ச் ஸ்டைல் வீடு' என்று தேடிப் பாருங்கள். வெள்ளைச் சுவர், ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலோரத்தில் ஒரு ஜாடி பூ, சாயம் போன மர அலமாரி என்று வரிசையாகப் படங்கள் வந்து விழும். கூடவே, 'பிரெஞ்ச்' என்று பெயர் ஒட்டிய வால் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் ஃப்ரேம், செயற்கை லாவெண்டர் கொத்து என்று விளம்பரங்களும் வரும். நாகமலை புதுக்கோட்டை என்.ஜி.ஓ காலனியில் இரண்டு பெட்ரூம் வீட்டில் இருப்பவர், 'இதெல்லாம் நமக்கு எங்கே ஒத்துவரும்' என்று போனை மூடி வைக்கலாம். அல்லது, மூவாயிரம் ரூபாய்க்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, அடுத்த கோடையில் அது உரிந்து தொங்குவதைப் பார்க்கலாம்.

இரண்டும் வேண்டாம். ஊருக்குள் இன்னும் மிச்சமிருக்கும் ஏதாவது ஓட்டு வீட்டுக்குள் போய், அண்ணாந்து பாருங்கள்.

தலைக்கு மேல் பிரான்ஸ்

நாம் 'சீமை ஓடு', 'மங்களூர் ஓடு' என்று சொல்கிறோமே, அந்தத் தட்டையான சிவப்பு ஓட்டின் பூர்வீகம் பிரான்ஸ். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் இந்த வடிவத்துக்கு, அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் 1841-ல் காப்புரிமை பெற்றார்கள். பிறகு மார்செய் துறைமுகத்திலிருந்து இந்த வகை ஓடுகள் கப்பலேறி உலகமெங்கும் போயின. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கிருந்து தென்னிந்தியா முழுக்கப் பரவியது. கைக்கு அடக்கமான நாட்டு ஓட்டை அடுக்கி, வருஷா வருஷம் ஓடு மாற்றிக்கொண்டிருந்த வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி.

யாரும் அதை 'பிரெஞ்ச் டெக்கார்' என்று நினைத்து வாங்கவில்லை. மழை ஒழுகாமல் இருந்தது, அதனால் வாங்கினார்கள். வெளியூர் அழகு நம் வீட்டுக்குள் நிலைத்து நிற்பது இப்படித்தான்.

புதுச்சேரி சொல்லும் பாடம்

இதை ஒரு நகரம் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே காலூன்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரைப் பிடித்து, கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். நாம் இன்று செல்ஃபி எடுக்கும் தெருக்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை.

நடுவில் ஓடும் கால்வாய்க்குக் கிழக்கே, கடலோரம் பிரெஞ்சுப் பகுதி. உயரமான மதில், பெரிய கேட், உள்ளே முற்றமும் தோட்டமும். மஞ்சள் சுவர், அதில் வெள்ளைக் கரை. சாய்வாகப் பட்டைப் பலகை அடுக்கிய உயரமான ஜன்னல் கதவுகள். கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதி. தெருவைப் பார்த்த தாழ்வாரம், வழிப்போக்கர் உட்காரத் திண்ணை, உள்ளே மரத்தூண் வைத்த முற்றம்.

இந்த இரண்டும் கலந்த வீடுகள் இருக்கின்றன பாருங்கள், அவைதான் விசேஷம். கீழ்த்தளம் திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் என்று முழுக்கத் தமிழ். மாடியில் வளைவு ஜன்னல், சுதைத் தூண், கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்ச். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே அப்படித்தான் இருக்கிறது. திண்ணையை இடித்துவிட்டு அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாக மாறவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு, பிடித்ததை மேலே சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது புதுச்சேரிக்குக் கிடைத்தது. அது கடலோரத்து மஞ்சள் மாளிகைகளுக்காக அல்ல. வைசியாள் வீதி என்கிற தமிழ்த் தெருவில், வரிசையாக வீடுகளின் முகப்பையும் திண்ணையையும் தாழ்வாரத்தையும் மீட்டெடுத்ததற்காக!

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் நிறம். புதுச்சேரிச் சுவர்களின் அழகு இரண்டே நிறத்தில் இருக்கிறது. ஒரு மண் நிறம், அதற்கு வெள்ளைக் கரை. ஹாலின் நான்கு சுவருக்கும் நான்கு நிறம் அடிப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு சுவருக்கு மஞ்சள் காவி நிறம் கொடுத்து, ஜன்னலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்தாலே அறை மாறிவிடும். சுண்ணாம்பில் காவி கலந்து அடிப்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உதிர்ந்துவிடும். பூச்சு வெறுமையாக இருக்கும் சுவருக்கு மட்டுமே சுண்ணாம்பு.

அடுத்தது ஜன்னல். பட்டைப் பலகை வைத்த ஜன்னல் கதவு அழகுக்காக வந்ததல்ல. சாத்தியிருக்கும்போதே காற்றை உள்ளே விடும். வெயிலையும் சாரலையும் வெளியே நிறுத்தும். சித்திரை வெயிலில் நாகமலைப் பாறை சூடேறி நிற்கும் ஊரில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு இதைவிடப் பொருத்தமான கதவு எது? புது வீடு கட்டுகிறவர்கள் ஆசாரியிடம் ஒரு ஜன்னலுக்காவது கேட்டுப் பார்க்கலாம். வாடகை வீடா? கனமான சிந்தெடிக் திரையைக் கழற்றிவிட்டு, மெல்லிய சுங்குடித் துணியைத் திரையாகத் தொங்கவிடுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வடிந்து வரும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கட்டிப் பழசான சேலை என்றால் இன்னும் நல்லது, மெத்தென்று விழும்.

மூன்றாவது, கண்ணாடி. ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டுச் சுவரில் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் அறையின் இருட்டு மூலைக்குத் திரும்பும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாய்த்து வைப்பது ஆபத்து. சுவரில் ஆணியடித்து மாட்டிவிட வேண்டும்.

பேரீச்சம்பழ வண்டியும் பாரீஸ் சந்தையும்

பாரீஸ் நகரத்தின் வடக்கு எல்லையில் சென்-துவான் என்று ஓர் இடம். உலகப் புகழ்பெற்ற பழைய பொருள் சந்தை அங்கேதான் நடக்கிறது. பிரெஞ்சில் அதற்குத் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை' என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நகரத்துக் குப்பையிலிருந்து கந்தல் துணி, பழைய சாமான் பொறுக்கி விற்றவர்கள் எல்லைக்கு வெளியே கடை விரித்தார்கள். அந்தப் பழந்துணியில் பூச்சி இருக்கும் என்று கேலியாக வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று அங்கே வாங்கிய நாற்காலியை வரவேற்பறையில் வைப்பது கௌரவம்.

நம்மிடமும் அது உண்டு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் வேறு யார்? வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் பொருளைப் பொருளாக விற்றார்கள், நாம் எடை போட்டு விற்றோம். பாட்டியின் பித்தளைக் குடம் கிலோ கணக்கில் போய்விட்டது.

மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள் இருக்கின்றன. பர்மா தேக்குக் கதவு, தூண், எனாமல் தட்டு, அடுக்கு கேரியர், சுவர்க் கடிகாரம், ரவிவர்மா படம் அச்சிட்ட பழைய காலண்டர் ஃப்ரேம் எல்லாம் பார்க்கலாம். புதுச்சேரியில் மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறு சந்தை கூடுகிறது. போகிறவர்கள் இதையெல்லாம் கவனியுங்கள்:

* மரச்சாமானைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடிப்பாகத்தில் சின்னச் சின்ன ஓட்டையும் புது மரத்தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற சாமானுக்கும் பரவும்.

* '100 வருஷப் பழசு' என்று சொல்லும் பெட்டியில், தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ இருக்கிறதா? அந்த ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில். ஒன்று, பழுது பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியே புதுசு.

* பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

* எனாமல் உரிந்த தட்டு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் இரண்டும் அலங்காரத்துக்கு மட்டும். புளிக்குழம்புக்கு வேண்டாம்.

* பழைய சாமி சிலை பக்கமே போகாதீர்கள். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலைகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும்.

அந்தத் தூண் எங்கிருந்து வந்தது?

ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்க வேண்டும். கடையில் சாய்த்து வைத்திருக்கும் அந்தத் தேக்குத் தூண், ஏதோ ஒரு வீட்டின் முற்றத்தைத் தாங்கி நின்றது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து, யாரும் குடியிருக்க ஆளில்லாமல், கூரை ஒழுகி, கடைசியில் இடித்தார்கள். அதன் பிறகுதான் தூண் கடைக்கு வந்தது. நாம் அதை வாங்கி ஹாலில் நிறுத்துவது தப்பில்லை. விறகாகப் போவதற்கு அது மேல். ஆனால் இன்னும் நிற்கிற வீட்டிலிருந்து கதவைக் கழற்றித் தரச் சொல்லி 'ஆர்டர்' கொடுப்பது வேறு கதை.

நம் சொந்தக் கிராமத்து வீட்டுக்கும் இது பொருந்தும். புதுச்சேரி கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய 'மேரி' கட்டடம், நகராட்சி அலுவலகமாக இருந்தது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். அரசாங்கத்தால் அது முடியும். உசிலம்பட்டிப் பக்கத்திலோ செக்கானூரணியிலோ பூட்டிக் கிடக்கும் தாத்தா வீடு விழுந்தால், திரும்பக் கட்ட யாராலும் முடியாது.

அதற்குப் பெரிய செலவில்லாத வைத்தியங்கள் உண்டு. மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். சுவரில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விழுந்தால் சிமென்ட் பூசாதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, சுவரை உள்ளிருந்து உதிர்க்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

தினசரி வாழ்க்கையே அலங்காரம்

பிரெஞ்சு வீட்டுப் படங்களில் நம்மை இழுப்பது விலை உயர்ந்த சாமான் அல்ல. தினமும் கையில் எடுக்கிற பொருள் கண்ணெதிரே இருப்பதுதான். தண்ணீர் ஜாடியில் பூ, அலமாரியில் அடுக்கிய சமையல் கிண்ணங்கள், நாற்காலி முதுகில் ஒரு துணி.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கிய கால் கிலோ செவ்வந்தியை, அம்மாவின் சீர்வரிசைச் செம்பில் போட்டு சாப்பாட்டு மேஜையில் வையுங்கள். பக்கத்து விளாச்சேரியில் வாங்கிய மண் பொம்மையைக் கொலு முடிந்ததும் பெட்டியில் போடாமல், ஒன்றை மட்டும் ஜன்னல் திட்டில் விட்டுவையுங்கள். நான்கு ஆத்தங்குடி கல் வாங்கினால் காபி டேபிளின் மேல்தளம் ஆகிவிடும். கண்ணாடித் தட்டின் மேல் வண்ண சிமென்ட் ஊற்றி, கையால் செய்கிற கல் அது. துடைக்கத் துடைக்க மினுமினுப்பு கூடும்.

இத்தனைக்கும் முதல் செலவு ஓர் ஏணிதான். போகிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருக்கும் பெரியவர்களைக் கீழே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பரணில் ஏற்றுங்கள். ஒவ்வொரு சாமானாக இறங்கும்போது, 'இது யாருடையது, எப்போ வாங்கியது' என்று கேட்டு எழுதி வையுங்கள். எடைக்குப் போட வேண்டியதையும், ஈயம் பூச வேண்டியதையும், ஹாலுக்கு வர வேண்டியதையும் அதற்குப் பிறகு பிரிக்கலாம்.